'தௌ' மரியாதைச் சொல்லா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலப் பைபிளில் கடவுளை 'தௌ', 'தீ' என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். தமிழில் 'உம்முடைய நாமம்' என்று ஜெபிக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'தை நேம்' என்று வருவதால், இவையெல்லாம் 'நீர்', 'உம்முடைய' போன்ற மரியாதைச் சொற்கள் என்றே நினைத்திருந்தேன். ஷேக்ஸ்பியரைப் படிக்கும்போதோ வேலைக்காரனையும் எதிரியையும்கூட 'தௌ' என்கிறார்கள். எது சரி?

ர., பாளையங்கோட்டை

அன்புள்ள ர.,

'தௌ' (thou) என்றால் 'நீ'தான். 'தீ' (thee) என்றால் 'உன்னை', 'தை' (thy) என்றால் 'உன்'. மரியாதைக்கு இருந்த சொல் 'யூ'.

பழைய ஆங்கிலத்தில் மரியாதைக் கணக்கே கிடையாது. ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ'. 'உங்களை' என்று சொல்ல 'யூ'. 1066-ல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மேல்தட்டின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. பெரிய மனிதர் ஒருவரைப் பன்மையில் அழைக்கும் பிரெஞ்சு வழக்கம் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்திலும் தலைகாட்டியது. நம் 'நீங்கள்' ஒருவருக்கான மரியாதை ஆனதும் இதே வழியில்தான். அதனால் இந்த விஷயத்தில் இன்றைய ஆங்கிலேயரைவிட நமக்குக் காது கூர்மை.

'ஹாம்லெட்' நாடகத்தின் 3-ஆம் அங்கம், 4-ஆம் காட்சியை எடுத்துப் பாருங்கள். 'உன் தகப்பனை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய்' என்கிறாள் தாய், 'தௌ' போட்டு. 'அம்மா, நீங்கள்தான் என் தகப்பனைப் புண்படுத்திவிட்டீர்கள்' என்கிறான் மகன், 'யூ' போட்டு. அடுத்த வரியிலேயே அவளும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். பிள்ளையின் மேல் கோபம் வந்தால் 'நீங்க பெரிய ஆளு' என்று விலகிப் பேசும் அம்மாக்களை நாம் பார்த்ததில்லையா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'யூ' ஒன்றை மட்டுமே அறிந்த வாசகர் இதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்.

நெருக்கத்துக்கு உதவும் சொல்லே அவமதிக்கவும் உதவும். 1603-ல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில், எலிசபெத் ராணியின் அரசவையில் செல்வாக்கோடு இருந்த சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரை 'துரோகி' என்று ஏசி, 'உன்னை நான் தௌ என்கிறேன்' என்று வெளிப்படையாகவே சொன்னார். 'டேய்' என்று கூப்பிட்ட மாதிரிதான் அது. அதே நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவர் வழிவந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் இதைத் தலைகீழாக்கினார்கள். கடவுள் முன் எல்லோரும் சமம், ஆகவே நீதிபதியானாலும் 'தௌ'தான் என்றார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள்.

சரி, பைபிளுக்கு வருவோம். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் மூலத்தின் எபிரெய, கிரேக்க ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யீ', 'யூ' என்பதுதான் வழக்கம். மரியாதைக்கு அதில் இடமில்லை. கடவுளும் 'தௌ', தாவீது ராஜாவும் 'தௌ', சாத்தானும் 'தௌ'. லூக்கா 22-ஆம் அதிகாரம் 31, 32-ஆம் வசனங்களில் தம் சீடன் சீமோனிடம் இயேசு பேசுகிறார். கோதுமையைப் போலப் புடைக்கச் சாத்தான் கேட்டது 'யூ'வை, அதாவது சீடர்கள் எல்லோரையும். அவர் வேண்டிக்கொண்டது 'தீ'க்காக, அதாவது சீமோன் ஒருவனுக்காக. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ'. உங்கள் தமிழ்ப் பைபிளில் 'உங்களை', 'உனக்காக' என்று அந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. ஜெபத்தில் 'உம்முடைய' என்று வைத்தது தமிழில் மொழிபெயர்த்தவர்கள் சேர்த்த மரியாதை. ஆங்கிலத்தில் அதைத் தேட வேண்டாம்.

உங்கள் குழப்பத்துக்கு ஆங்கிலேயரும் ஒரு காரணம். யாரை எப்படி அழைப்பது என்ற சங்கடத்தில் எல்லோரையும் 'யூ' என்பதே பத்திரம் என்று ஆகி, 18-ஆம் நூற்றாண்டுக்குள் நகரப் பேச்சிலிருந்து 'தௌ' போய்விட்டது. யார்க்‌ஷர் போன்ற வட்டாரங்களின் பேச்சிலும், ஜெபத்திலும் கவிதையிலும் மட்டும் தங்கியது. தேவாலயத்தில் மட்டுமே காதில் விழும் சொல்லுக்குத் தானாகவே ஒரு புனிதம் வந்துவிடுமல்லவா? 1952-ல் முழுமையாக வெளிவந்த ஆங்கிலப் பைபிளின் திருத்திய பதிப்பு ஒன்றில் மனிதர்களுக்கெல்லாம் 'யூ' போட்டு, கடவுளிடம் பேசும் இடங்களுக்கு மட்டும் 'தௌ'வை வைத்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்ட மரியாதை இந்தப் பிற்காலத்து 'தௌ'வுக்கு உரியது. ஷேக்ஸ்பியரைப் படிக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு, 'நீ' என்றே படியுங்கள்.

அன்புடன்.