வீட்டுப் போர்ச்சில் படகு கட்டலாமா? பினாங்கு நண்பர்களுக்குப் பதில்கள்

பட்டர்வொர்த்தில் என் வீட்டுப் போர்ச்சில் வரைபடம் வைத்து இரண்டு சிறிய படகுகள் கட்டியிருக்கிறேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பாயான் லெப்பாஸிலிருந்து: அண்ணே, எனக்குத் தச்சு வேலையே தெரியாது. முடியுமா?

முடியும் தம்பி. தைத்து ஒட்டும் முறையில் வரைந்த பிளானாக வாங்குங்கள். பிளைவுட்டை வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் எப்பாக்ஸியை (கடினமாக்கி என்னும் இரண்டாம் திரவத்தைக் கலந்ததும் இறுகும் பிசின்) நிரப்ப வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த 10 அடி 10 அங்குல 'மிரர்' படகைப் பல்லாயிரம் பேர் இப்படித் தைத்து ஒட்டித்தான் கட்டினார்கள். தைப்பது நமக்கும் புதிதில்லை. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகள் கயிற்றால் தைத்தவைதானே! முதலில் அட்டையில் ஒரு சின்ன மாதிரி செய்யுங்கள். அதில் ஓரங்கள் சேராவிட்டால் பிளானை எங்கோ தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

பாலிக் புலாவிலிருந்து: பிளானை நகலெடுத்து ஸ்கேல் வைத்து அளக்கலாமா?

வேண்டாம். நகலில் அளவு மாறும், நம் ஈரக் காற்றில் தாளும் விரியும். அச்சிட்ட எண்களை மட்டும் நம்புங்கள். அவற்றைப் பலகையில் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிகளில் ஆணி அடித்து, மெல்லிய நீளச் சட்டத்தை வளைத்து வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணை ஒட்டிப் பாருங்கள். எங்காவது துருத்தினால் அந்த எண்ணைத் திரும்பச் சரிபாருங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து: ஹார்ட்வேர் கடை பிளைவுட் போதுமா ஐயா?

என் முதல் படகின் அடிப்பலகை அதுதான். ஒரே மழைக்காலத்தில் உப்பிவிட்டது, மனசு உடைந்துபோனது. பிஎஸ் 1088 (படகு பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) முத்திரையுள்ள பலகை கேளுங்கள். முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டைக் கொதிக்க வைத்து, காயவிட்டு, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

அதே நண்பர்: எப்பாக்ஸி பூசினால் குமிழி வருகிறது, மறுநாள் பிசுபிசுக்கிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு கோளாறு. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சைத் துளைத்து வெளியே வரும். அதனால் சூடு இறங்கும் மாலை 5 மணிக்கு மேல் பூசுங்கள். ஆனால் இரவில் ஈரம் கூடும். கடினமாக்கி அந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து, மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். விரல் வைத்தால் வழுக்கும். நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும், கழுவித் துடைத்துவிட்டு அப்புறம்தான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே அழுந்தும், அடுத்த பூச்சு ஒட்டாது. இன்னொன்று: கலந்ததைக் கப்பிலேயே வைக்காதீர்கள், சூடேறிப் புகையும். தட்டையான தட்டில் ஊற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் பெயிண்ட் கட்டாயம், வெயில் எப்பாக்ஸியைத் தின்றுவிடும்.

பிறையிலிருந்து ஓர் அக்கா: செங்கால் மரம்தானே உறுதி?

உறுதிதான் அக்கா, செங்கால் (cengal) நம் நாட்டுக் கனமான கடின மரம். திரங்கானு டுயோங் தீவில் வரைபடமே இல்லாமல் கண்ணளவில் அதில் பெரிய படகு கட்டும் கைகள் பெரிய கைகள். நம் சிறிய படகுக்கு அது பாரம்.

கடைசியாக: முதல் நாள் எப்படி இறக்குவது?

வீட்டிலேயே உள்ளே தண்ணீர் ஊற்றிக் கசிவு பாருங்கள். பிறகு இடுப்பளவு நீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, வேண்டுமென்றே படகை நிரப்புங்கள். படகிலுள்ள மூடிய காற்றறைகள் உங்களையும் சேர்த்துத் தாங்கினால் துடுப்பை எடுங்கள்.