வட்டை (வயல்வெளி) மண்ணில் பொஸ்பரஸ்: கேள்வி பதில்

திருக்கோவில்: பெரும்போகத்தில் நெல் நன்றாக விளைந்த வயலில், தண்ணீர் போதாதென்று சிறுபோகத்துக்குச் சோளன் போட்டேன். கன்று ஊதா நிறமாகிக் குறண்டி நிற்கிறது. மண்ணில் சத்தே இல்லையா?

ஊதா காட்டுவது பொஸ்பரஸ் குறை. அது மண்ணில் இருக்கிறது தம்பி, பூட்டிக் கிடக்கிறது. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது, அப்போது பொஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கிற இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறும், பிடி தளரும், நெல் வாங்கிக்கொள்ளும். சூடடித்து மண் காய்ந்து வெடித்ததும் அந்த இரும்பு திரும்பத் துருவாகும், புதுத் துரு முன்பை விட இறுக்கிப் பிடிக்கும். சோளனுக்கோ வேர் சின்னதாக இருக்கிற முதல் மூன்று நான்கு கிழமையில்தான் பொஸ்பரஸ் அவசரமாகத் தேவை. அதனால் நெல்லுக்குப் பிறகு மேட்டுப் பயிர் வைப்பவர்கள் டி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளையை மேலே விசிறாமல் விதைக்கு இரண்டு விரல் தள்ளிச் சாலுக்குள் புதையுங்கள். யூரியா போல அது மண்ணில் நடக்காது, வேர்தான் தேடிப் போகவேண்டும். ஒரு கன்றைப் பிடுங்கி வேரையும் பாருங்கள், மண் இறுகி வேர் போக வழியில்லாவிட்டாலும் ஊதா வரும்.

வெல்லாவெளி: பயறு மாற்றிப் போட்டால் டி.எஸ்.பி. தேவையில்லையாமே?

பயறு காற்றிலிருந்து எடுப்பது நைதரசன். காற்றில் பொஸ்பரஸ் இல்லை! அவரைக் குடும்பத்தில் சிலவற்றின் வேர் அமிலம் விட்டுப் பூட்டியதில் கொஞ்சத்தை இளக்கும், சரி, ஆனால் வேர்முடிச்சு வேலை செய்யவே பொஸ்பரஸ் வேண்டும். மாற்றுப் பயிர் கையிருப்பைப் புரட்டும், கூட்டாது.

அக்கரைப்பற்று: ஏக்கருக்கு எத்தனை அந்தர் (சுமார் 50 கிலோ) டி.எஸ்.பி. போடலாம்?

மண்ணைச் சோதிக்காமல் சொல்லமாட்டேன்.

ஏறாவூர்: கத்தரிக்கு ஒவ்வொரு போகமும் கோழி எருதான். நல்லதுதானே?

நல்லதுதான், அளவோடு. நைதரசனுக்கென்று கணக்குப் பார்த்துக் கோழி எரு போட்டால் பொஸ்பரஸ் தேவைக்கு மேல் சேரும், பிறகு நாகச் (துத்தநாகச்) சத்துக் குறைபாடு தலைகாட்டும். மேலே 'நடக்காது' என்றேனே, கரையோர வெறும் மணலில் அது முழு உண்மையில்லை. பிடித்து வைக்க அங்கே எதுவுமில்லை, கழுவிக்கொண்டு கிணற்றுக்கும் வாவிக்கும் போகும்.

களுவாஞ்சிக்குடி: எப்பாவலவில் தோண்டி எடுக்கிற பாறைப் பொஸ்பேட் வயலுக்கு ஆகுமா?

நான்கு மாத நெல்லுக்கு அது எப்போது கரைந்து முடிவது? அமில மண்ணில் நிற்கிற தேயிலை, தென்னைக்கு விடுங்கள்.

சம்மாந்துறை: 2021இல் இரசாயனப் பசளையைத் தடுத்த பெரும்போகம் டி.எஸ்.பி. ஒரு பிடி போடவில்லை, கதிர் வந்ததே. எல்லாம் கம்பனிக் கதை.

வாழைச்சேனை: இவருக்கு வந்தது, எங்கள் வட்டையே மஞ்சளாகப் படுத்துவிட்டது!

இரண்டு பேரும் சரி. மஞ்சளாக்கியது நைதரசன் பஞ்சம், அதை மண் சேமித்து வைக்காது. பொஸ்பரஸ் முன்பு போட்டது மிச்சம் கிடந்தது, சம்மாந்துறைக் காக்காவின் (அண்ணனின்) நெல் அதைச் சாப்பிட்டது. ஒரு தொன் நெல்லோடு ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ பொஸ்பரஸ் வெளியே போகிறது. 50 கிலோ டி.எஸ்.பி. மூட்டையில் இருப்பது சுமார் 10 கிலோ. ஏக்கருக்கு இரண்டு தொன் அறுப்பவர் எத்தனை போகம் தாங்குவார் என்று அவரே பிரித்துப் பார்க்கட்டும்.

சம்மாந்துறை: அப்போ சும்மா விடலாம் என்கிறீர்கள்.

கையிருப்பு அதிகமென்றால் ஒரு போகம் விடலாம் என்கிறேன். அதிகமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நிந்தவூர்: அறக்கொட்டியானுக்கு என்ன அடிப்பது?

என் பகுதி இல்லை. விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள்.

பொத்துவில்: ஐயா, ஏக்கருக்கு எத்தனை அந்தர்?

அக்கரைப்பற்றுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

சம்மாந்துறை: சரி, மண்ணை எப்படி எடுப்பது?

இப்போதுதான் கேட்டீர்கள். பசளை போடுமுன், பத்துப் பதினைந்து இடத்தில், ஆறு அங்குல ஆழம், வரம்போரம் வேண்டாம். கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ மண் சோதனைக்குக் கொடுங்கள். முடிவுத் தாள் வந்ததும் இங்கே போடுங்கள் காக்கா, அப்போது சண்டை பிடிப்போம்.