கொன்பரன்ஸ் விளம்பரம் உங்களுக்கு எழுதியது இல்லை

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மென்பொருள் வேலை ஒன்று கிடைத்துவிட்டது, கொம்பனி ஒரு கொன்பரன்சுக்கு அனுப்பத் தயார். விளம்பரத்தில் எதிர்காலமே மாறும் என்று கிடக்கிறது. இவ்வளவு காசுக்கு அப்படி என்ன படிப்பிக்கப் போகிறார்கள்?

படிக்கிறதுக்காகப் போகத் தேவையில்லை. பைதன் என்ற கணினி மொழிக்காரர் கூடும் பைகொன் போன்ற கொன்பரன்சுகளின் பேச்சுகள் பிறகு யூடியூப்பில் சும்மா வரும். வீட்டிலிருந்து வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அந்த விளம்பரம் காசு தருகிற மனேஜருக்கு எழுதியது. அதனால்தான் பேச்சாளர் பட்டியலும் கற்கப்போகும் திறன்களும் அப்படி வரிசை கட்டி நிற்கின்றன. பல கொன்பரன்சுகள் மனேஜருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையே எழுதி வைத்திருக்கும், உங்கள் பெயரைப் போட்டால் சரி. "நாலு பேரைப் பிடித்து வைக்கப் போகிறேன், நாளைக்கு வேறு வேலைக்கு உதவும்" என்று கடிதத்தில் எழுத முடியுமா?

ஆனால் போகிறவர்கள் அதுக்குத்தான் போகிறார்கள். ஹரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் ஒரு வருடம் மெனக்கெட்டு ஒரு மாநாட்டை நடத்தினார். கடைசியில் கோப்பி இடைவேளைதான் பிரயோசனமாக இருந்தது என்று அவர் உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம். பிறகு 1985இல், முன்கூட்டிய பேச்சாளர் பட்டியலே இல்லாத கூட்ட முறை ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

நம்ம ஊரில் கோயில் திருவிழா நோட்டீசிலும் பூசை நேரம்தானே இருக்கும்? வெளிநாட்டால் வந்தவர்களைக் கண்டு கதைக்கிறது, கலியாணம் பேசுகிறது எதையும் அதில் போடுவதில்லை.

உங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஊரில் "உவர்மலையா? யாற்றை மகன்?" என்ற இரண்டு கேள்வியில் உங்களை அடையாளம் பிடித்துவிடுவார்கள். இங்கே உங்கள் பெயரையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஆட்கள்தான் நேர்முகத்தில் இருப்பார்கள். உள்ளே இருக்கும் ஒருவர் "இந்தப் பெடியனோடு கதைத்திருக்கிறேன்" என்று சொன்னால் கதையே வேறு.

சரி, போனால் என்ன செய்கிறது? நீங்கள் தினமும் பாவிக்கிற மென்பொருளை எழுதியவர் யாராவது பேசுகிறாரா என்று பாருங்கள். பேச்சு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் சின்னக் கூட்டம் நிற்கும். அங்கே போய் உங்களுக்கு நிசமாக இடித்த ஒரு பிழையைப் பற்றிக் கேளுங்கள். "உங்கள் பேச்சு நன்று" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை எல்லோரும் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டில் தெரியாத மேசையில் இருங்கள். தமிழ் ஆட்களைக் கண்டால் சந்தோசம்தான், அவர்களோடேயே முழுநாளும் ஒட்டிக்கொண்டு நின்றால் வந்த காரியம் நடக்காது.

விளம்பரதாரர் கடைகளில் ஒரு சோடி காலுறை தந்து கழுத்து அட்டையை ஸ்கேன் பண்ணுவார்கள். அதோடு உங்கள் மின்னஞ்சல் அவர்களின் விற்பனைப் பிரிவுக்குப் போய்விடும். வேண்டாம் என்று சொல்லலாம், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் நடப்பதென்றால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், ரிக்கெற் எடுக்க முதல் அதைப் பாருங்கள். கைக்காசு போட்டுப் போகிற நிலை வந்தால் பிரசல்ஸில் நடக்கும் பொஸ்டெம் (FOSDEM) என்ற கட்டற்ற மென்பொருள்காரரின் கொன்பரன்ஸ் இருக்கிறது. நுழைவு இலவசம், பதிவும் இல்லை. விற்க ரிக்கெற் இல்லாததால் அங்கே அந்த ஆரவார விளம்பரமும் கிடையாது.

மனேஜருக்கு மட்டும், திரும்பி வந்த கிழமையே இரண்டு பக்க அறிக்கை ஒன்றை விளம்பரத்தின் மொழியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடமும் கேட்க வேண்டும் அல்லவா.