தெருவில் புது வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறது. மாநகராட்சியைக் கேட்டால் "அது நீர்வளத் துறை" என்கிறார்கள். சென்னையில் மழைநீர் உண்மையில் யார் பொறுப்பு?

மாநகராட்சி சொல்வது பாதி சரி. மீதிப் பாதி, வடிகாலும் கால்வாயும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. சென்னையில் மழைநீர்ப் பிரச்சினை பெரும்பாலும் வடிகாலின் நடுவில் வருவதில்லை. ஒரு துறையின் எல்லை முடிந்து இன்னொன்று தொடங்கும் அந்தச் சில மீட்டரில்தான் வருகிறது.

தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோர வடிகால் மாநகராட்சியுடையது. அது விழும் மாம்பலம் கால்வாயும் மாநகராட்சியுடையதுதான். ஆனால் அந்தக் கால்வாய் போய்ச் சேரும் அடையாறு நீர்வளத் துறையின் கையில். கூவமும் பக்கிங்ஹாம் கால்வாயும் அப்படியே. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, நெடுஞ்சாலையை ஒட்டிய வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது, தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் ரயில்வேயுடையது. பள்ளிக்கரணை பக்கம் போனால் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனை பேரும் முதலில் ஒத்துப்போக வேண்டியது மட்டக் கணக்கில். ஒரு ஹெக்டேர் பரப்பில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து, அதில் 80 சதவீதம் வழிந்தோடினால் வினாடிக்குச் சுமார் 111 லிட்டர், ஏறக்குறைய 4 கன அடி. 50 ஹெக்டேர் கொண்ட ஒரு பகுதிக்கு வினாடிக்கு 200 கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. இதைக் கொண்டுபோக வடிகாலின் அகலம் மட்டும் போதாது, சரிவும் வேண்டும். சென்னை தட்டையான ஊர். ஆயிரத்துக்கு ஒன்று என்று சரிவு வைத்தால் 500 மீட்டர் ஓட்டத்துக்கு அரை மீட்டர் இறக்கம்தான் கிடைக்கும். வடிகால் கட்டுபவர் சாலை மட்டத்தை வைத்து அளக்கிறார், கால்வாய்க்காரர் கடல் மட்டத்தை வைத்து அளக்கிறார், இரண்டுக்கும் 15 செ.மீ. வித்தியாசம் என்றால் 150 மீட்டருக்கான சரிவு காணாமல் போகிறது. வடிகால் கால்வாயில் விழும் வாயின் இன்வர்ட் லெவல், அதாவது அதன் உள் அடிப்பக்கத்தின் மட்டம், கால்வாயின் வெள்ள மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு தூர் வாரினாலும் மழை நாளில் தண்ணீர் வெளியேறத் தடுமாறும், பின்னோக்கியும் வரலாம். அங்கே பெரும்பாலும் ஒருவழிக் கதவும் மோட்டாரும் வைக்க வேண்டியிருக்கும். கால்வாயில் வாய் திறக்க நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்கும்போதே, உயரம் ஏற்கெனவே தெரிந்த ஒரே அளவுக்குறியிலிருந்து இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து லெவல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பலரும் சடங்காக நினைக்கும் இந்த ஒரு தாள்தான் வேலையில் மிக முக்கியமானது.

அடுத்து, குறுக்கே வரும் குழாயும் கேபிளும். இதற்கு டெபாசிட் ஒர்க் என்று ஒரு முறை உண்டு. மாநகராட்சி கடிதம் எழுதும், மின்வாரியமோ குடிநீர் வாரியமோ எஸ்டிமேட் போடும், மாநகராட்சி பணம் கட்டும், அதன் பிறகு அவர்கள் தங்கள் ஒப்பந்ததாரரை வைத்து மாற்றித் தருவார்கள். இதற்குள் வடிகால் ஒப்பந்ததாரர் இரண்டு பக்கமும் கட்டி முடித்து, நடுவில் நாலைந்து மீட்டரை விட்டுவிட்டுப் போயிருப்பார். பொறியாளர்கள் 'விடுபட்ட இணைப்பு' என்று சொல்வது இதைத்தான். பில்லில் வேலை முடிந்திருக்கும், தரையில் தண்ணீர் நிற்கும். ரயில் பாதைக்கு அடியில் என்றால் இன்னும் தாமதம். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கான்கிரீட் பெட்டியைத் தள்ளி நுழைக்க வேண்டும், அதற்கு ரயில்வேயின் ஒப்புதலும் மேற்பார்வையும் வேண்டும். எனவே டெண்டர் விடுவதற்கு முன்பே சோதனைக் குழி தோண்டி, குறுக்கே வருவதையெல்லாம் வரைபடத்தில் ஏற்றி, பணத்தையும் கட்டிவிட வேண்டும். அக்டோபரில் தோண்டத் தொடங்கினால் அந்த வருடம் போனதுதான்.

கழிவுநீர் தனிக் கதை. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீரை விடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெருவில் தண்ணீர் நிற்கும்போது பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து மழைநீரை அதற்குள் விடுவதும் அதே அளவு கெடுதல். நீரேற்று நிலையம் அந்த அளவுக்கு வடிவமைக்கப்பட்டதல்ல. தாழ்வான தெருக்களில் வீட்டுக் கழிப்பறை வழியாக அது திரும்பி வரும்.

மழைக்காலத்தில் விஷயம் மணிக்கணக்குக்கு வந்துவிடும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அங்கிருந்து திறப்பு வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரும் அதே ஆற்றில். ஆகவே "இன்று மாலை ஏரி திறக்கப்படும்" என்ற அறிவிப்பு மாநகராட்சிக்குப் போதாது. எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு, சைதாப்பேட்டையில் ஆற்று மட்டம் என்ன, கடல் ஏற்றம் எப்போது, முகத்துவார மணல்திட்டு வெட்டப்பட்டதா என்பதெல்லாம் சேர்ந்து வந்தால்தான் எந்த மோட்டாரை எங்கே நிறுத்துவது, யாரை முகாமுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க முடியும். 2021 மழைக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தது. ஆனால் குழுவும் ஆய்வுக் கூட்டமும் எத்தனை நடந்தாலும், கூட்டக் குறிப்பில் இடம், தேதி, பொறுப்புப் பொறியாளர் மூன்றும் இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலும் அதே பேச்சுதான்.

உங்கள் தெருவுக்கு வருவோம். மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வடிகாலின் வாயைப் போய்ப் பாருங்கள். கால்வாயில் மட்டம் இறங்கியும் தெருவில் தண்ணீர் நின்றால் அடைப்போ விடுபட்ட இணைப்போ இருக்கிறது. 1913-இல் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். கால்வாயே நிரம்பி வாயை மூடியிருந்தால் நேரம் தெரியும் புகைப்படத்தோடு மாநகராட்சி உதவிப் பொறியாளருக்கும் நீர்வளத் துறைக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிக் கூட்டு ஆய்வு கேளுங்கள். நாற்றமடிக்கும் கறுப்புத் தண்ணீர் என்றால் குடிநீர் வாரியத்தின் 1916. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த வாயின் இன்வர்ட் லெவலையும் நீர்வளத் துறை தந்த தடையின்மைச் சான்றின் நகலையும் கேளுங்கள்.