ஜந்தர் மந்தர் எனும் பழைய வானாய்வகங்களின் கருவிகளை ஏன் அவ்வளவு பெரிதாகக் கல்லில் கட்டினார்கள்?

துல்லியத்துக்காகத்தான். பித்தளைக் கருவிகள் சிறியவை, அச்சு தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும் என்பது அவற்றைக் கட்டிய ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங்கின் குறை. அதனால் 18ஆம் நூற்றாண்டில் டெல்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுரா, வாரணாசியில் கட்டுமானமாகவே எழுப்பினார். மதுராவில் இருந்தது இன்று இல்லை.

ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரத்தைப் பாருங்கள். சுமார் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரம். நிழல் விழுத்தும் சாய்சுவர் அவ்வூர் அட்சரேகைப்படி 27 பாகை சாய்ந்து வானின் வடதுருவத்தை நோக்கும். அளவுகோல் வளைவு அவ்வளவு பெரியது என்பதால், நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும். நிழல் ஊர்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம், அதற்காகவே ஒருமுறை போகலாம்! 2 நொடி வரை நேரம் படிக்க முடியும்.

அப்புறம், அது காட்டுவது உள்ளூர்ச் சூரிய நேரம். இந்திய நேரத்தைக் கணிக்கும் தீர்க்கரேகைக்கு மேற்கே ஜெய்ப்பூர் இருப்பதால் மட்டுமே நம் கைக்கடிகாரத்தைவிடச் சுமார் 27 நிமிடம் பின்தங்கும்.