ஆங்கிலத்தில் 'டவுன்' என்றால் சரியாக என்ன? 'சிட்டி'யிலிருந்து எப்படி வேறுபடும்?

சின்ன ஊர் டவுன், பெரிய ஊர் சிட்டி என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சுக்கு அது போதும். ஆனால் பிரிட்டனில் அளவை மட்டும் பார்ப்பதில்லை. சிட்டி என்பது அங்கே அரச குடும்பத் தலைவர் வழங்கும் அந்தஸ்து. ரெடிங்கில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள், அது இன்னும் டவுன்தான். வேல்ஸில் உள்ள செயின்ட் டேவிட்ஸில் 2,000 பேர்கூட இல்லை, அது சிட்டி!

பழைய ஆங்கிலத்தில் 'டவுன்' என்ற சொல் வேலியடைத்த இடத்தைக் குறித்தது. அதன் உறவுச் சொல்லான 'ட்சவுன்' ஜெர்மனில் இன்றைக்கும் வேலிதான். பிரைட்டன், லூட்டன் என்ற இங்கிலாந்து ஊர்ப் பெயர்களின் கடைசியில் 'டன்' என்று ஒட்டியிருப்பதும் இதே சொல்.

பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைவீதிப் பக்கம் போவதை 'கோயிங் இன்டு டவுன்' என்பார்கள். 'அவுட் ஆஃப் டவுன்' என்றால் ஆள் வெளியூர் போயிருக்கிறார். இரண்டிலும் 'தி' வராது; நம்மில் பலர் சேர்த்துவிடுகிறோம். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும்: நெல்லையப்பர் கோயில் பக்கம் கிளம்பினால் 'டவுனுக்குப் போறேன்' என்றுதானே சொல்கிறார்கள். அப்புறம், அமெரிக்காவில் நகரின் மையப்பகுதிக்கு 'டவுன்டவுன்' என்று பெயர்.