கடன் தீர்ப்பதாகச் சொன்ன முகவரும் கிரிப் பதிவும்

வணக்கம். கடனட்டை நிலுவையைக் குறைத்து, கிரிப் எனப்படும் இலங்கையின் கொடுகடன் தகவல் பணியகத்தில் உள்ள கடன் பதிவையும் நீக்கித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 45,000 ரூபாய் கட்டிய பின்னும் வங்கியின் கடிதங்கள் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தப் பணியகம், கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் விபரத்தையே பதிகிறது. ஆகவே பிழையான பதிவென்றாலும் அதைத் திருத்த வங்கியே முன்வர வேண்டுமே தவிர, இடையில் நிற்பவரால் எதையும் அழிக்க முடியாது. வெள்ளவத்தையில் நானும் இப்படி ஏமாந்தவன்தான். எனக்குத் தந்த பற்றுச்சீட்டில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டுமே இருந்தது, வங்கியின் பெயரே இல்லை. உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள். இனி அவர்களுக்கு ஒரு சதமும் கொடாமல், சம்பளச் சீட்டுடன் கிளை முகாமையாளரிடம் தவணை மறுசீரமைப்பை எழுத்தில் கேளுங்கள். மறுமொழி வராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து, அந்த வங்கியைப் பற்றி முறையிடலாம்.